திரையை மூடும் நேரம்: கொழும்பு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

கொழும்பில் பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்குவதால், வத்தளையிலிருந்தோ தெஹிவளையிலிருந்தோ வான் வண்டியில் வரும் பிள்ளை பெரும்பாலும் 5.30 மணிக்கே எழும்ப வேண்டியிருக்கிறது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை. 12 வயதுக்கு உட்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது 9 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. எழும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், உயர்தர மாணவர்கூட இரவு 9.30 மணிக்குள் உறங்கியிருக்க வேண்டும். ஆகையால், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம் என்று கணக்கிடுவதற்கு முன்னர், இரவில் எத்தனை மணிக்குத் திரையை மூடுவது என்பதை முடிவுசெய்யுங்கள். 8.30 மணி பொருத்தமானது. ஏனெனில் முகத்துக்கு அருகில் பிடிக்கும் திரையின் வெளிச்சம் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது.

இந்தக் கட்டுப்பாட்டை மாணவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. 2020இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேரூன்றிய வட்ஸ்அப் குழுக்கள் இன்றும் இயங்குகின்றன. இரவு பத்து மணிக்கு ஆசிரியர் அனுப்பும் ஒரு செயலட்டை வகுப்பிலுள்ள பிள்ளைகளை மீண்டும் கைபேசிக்கு இழுக்கிறது. பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் எழுதியபடி ஆசிரியரும் விழித்திருக்கிறார். மறுநாளைக்குரிய அறிவித்தலை வகுப்பிலேயே சொல்லிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். தவறவிட்டதை மாலை ஏழு மணிக்கு முன் அனுப்பிவிட்டு, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பக்கூடியவாறு குழுவின் அமைப்பை மாற்றிவிடுங்கள். மாலை நேரத்தை ஆசிரியருக்கு மீட்டுத் தருவதில் இதைவிட எளிய வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கடந்தகால வினாத்தாள்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிப்பதை விட்டு, அருகிலுள்ள போட்டோகொப்பிக் கடையில் அச்சிட்டு மேசையில் வைத்துச் செய்வது கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. திரையிலேயே படிக்க வேண்டியிருந்தால், புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாதனத்தை வைத்து, தலை குனியாதபடி பாருங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்கிறது. மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் பட்டால் அது இன்னும் மோசமாகும். ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒருமுறை, ஏறத்தாழ 6 மீற்றருக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள்.

கிட்டப்பார்வை உருவாவதைக் குறைக்கப் பகல் வெளிச்சத்தில் நாளாந்தம் இரண்டு மணித்தியாலமளவு இருப்பது உதவுகிறது. பாடசாலை 1.30 மணிக்கு முடிந்ததும் தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு இது எளிதன்று. ஆதலால் இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பறையில் இருத்தி வைக்காமல் மைதானத்துக்கு அனுப்புவது ஆசிரியரின் பொறுப்பு. ஐந்து மணிக்குப் பின் காலிமுகத்திடலுக்கோ விகாரமகாதேவிப் பூங்காவுக்கோ அழைத்துச் செல்வது பெற்றோரின் பங்கு.

இரவு ஸூம் வகுப்பு உள்ள உயர்தர மாணவர்கள், பதிவு கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேட்டு, அதை வார இறுதிக் காலையில் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அந்த ஒரு வகுப்போடு நிறுத்தி, கைபேசியைக் கூடத்தில் மின்னேற்றத்துக்கு வைத்துவிட்டு, விடிய எழும்புவதற்குச் சாதாரண அலாரக் கடிகாரமொன்றைப் பயன்படுத்துங்கள்.