வாய்ஸ் சர்ச்சில் உங்கள் கடையைக் கொண்டுவருவது எப்படி?

போனில் தட்டும்போது ‘மொபைல் டிஸ்ப்ளே விலை சென்னை’ என்று போடுகிறவர், மைக்கை அழுத்தினால் வேறு மாதிரி கேட்பார்: “மவுண்ட் ரோடு பக்கத்துல டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு ஆகும்?” 2017-லிருந்தே கூகுள் தமிழ்ப் பேச்சில் தேட விடுகிறது. ரிச்சி தெருவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை இருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. கேள்விகளைத் திரட்டுங்கள். கடை வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களைக் கேளுங்கள். மக்கள் எந்தச் சொற்களில் தேடுகிறார்கள் என்று காட்ட இதைவிட நல்ல கீவேர்ட் டூல் எனக்குத் தெரியாது. உங்கள் தளம் எந்தத் தேடல்களில் வந்தது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் எங்கே, எவ்வளவு, எப்போது என்று வரும் தேடல்களையும் பாருங்கள். குரலில் வந்தவற்றை அது தனியாகப் பிரித்துக் காட்டாது.

2. உங்கள் தளத்தில் கேள்வியைத் துணைத்தலைப்பாகப் போட்டு, அடுத்த வரியிலேயே பதிலைச் சொல்லுங்கள். வேலையில் பாதி இதுதான். பலரும் இப்படி எழுதுகிறார்கள்:

“பல்லாண்டு அனுபவம் வாய்ந்த எங்கள் நிறுவனம் தரமான சேவையைக் குறைந்த விலையில் வழங்குகிறது.”

இதைப் போனின் வாய்ஸ் அசிஸ்டன்ட் வாசித்துக் காட்டி யாருக்கு என்ன பயன்? இப்படி மாற்றுங்கள்:

“டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும்?
மாடலைப் பொறுத்து ரூ. 1,800 முதல் ஆகும். ஸ்டாக் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவோம்.”

இரண்டே வாக்கியம், அதில் ஒரு தொகை. விளக்கம், வாரண்டி விவரமெல்லாம் அப்புறம். எழுதியதை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுங்கள்.

3. ஊர் சொல்லும் பெயரையும் சேர்த்துவிடுங்கள். முகவரியில் அண்ணா சாலை என்றிருக்கும், வாயில் மவுண்ட் ரோடு என்றுதான் வரும். தியாகராய நகரும் தி.நகரும் அப்படித்தான். ‘அண்ணா சாலை (மவுண்ட் ரோடு) அருகில், ரிச்சி தெரு’ என்று ஒரே ஒருமுறை எழுதினால் போதும். பத்தி தோறும் திணிக்க வேண்டாம்.

4. கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை நிரப்புங்கள். “இப்ப திறந்திருக்கிற கடை” என்று கேட்டால் அங்கே நீங்கள் கொடுத்த நேரம்தான் பார்க்கப்படும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி நேரங்களைத் தனியாகப் போடுங்கள். ஐபோனின் வாய்ஸ் அசிஸ்டன்டான சிரியில் கேட்பவர்களுக்காக ஆப்பிள் மேப்ஸிலும் கடையைப் பதிந்துவிடுங்கள்.

5. டெவலப்பர் இருந்தால் ‘லோக்கல் பிசினஸ்’ ஸ்கீமா (கடையின் பெயர், முகவரி, நேரத்தைக் கூகுளுக்குப் புரியும்படி சொல்லும் குறியீடு) சேர்க்கச் சொல்லுங்கள். கேள்வி-பதில் ஸ்கீமாவுக்குப் பணம் கேட்டால் யோசியுங்கள்: 2023-லேயே கூகுள் தேடல் முடிவிலேயே கேள்வி-பதிலைக் காட்டும் சிறப்புக் காட்சியை நம்பகமான அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது.

6. பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தளத்தைச் சோதியுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். பெரும்பாலும் கனமான படங்கள்தான் இழுக்கும். அவற்றைச் சுருக்கினாலே போதும்.

சரி, இனி மைக்கை அழுத்திக் கேட்டுப் பாருங்கள், தமிழிலும் தங்கிலீஷிலும். உங்கள் போனுக்கு உங்கள் கடை ஏற்கெனவே பழக்கம் என்பதால், வேறு பேட்டையில் இருக்கும் நண்பரையும் கேட்கச் சொல்லுங்கள். விலை மாறும் அன்றே பக்கத்திலும் மாற்றிவிடுங்கள். பழைய 1,800-ஐக் கேட்டுவிட்டு வருபவர் கவுண்டரில் அதைத்தான் நீட்டுவார்.