குவாபின் நீர்த்தேக்கம்: இடம் மாறிய கல்லறைகளைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன அக்டோபரில் ஒஹாயோவிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கையில் பதினான்கு பெயர்கள் எழுதிய தாள். மாசசூசெட்ஸில் வேர் என்ற ஊரில், ஒன்பதாம் எண் சாலையோரம் இருக்கிறது குவாபின் பார்க் கல்லறைத் தோட்டம். அங்கே காலையிலிருந்து வரிசை வரிசையாக நடந்து பத்துப் பெயர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். மீதி நான்கு கிடைக்கவில்லை. அந்த அம்மா ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்து, பாசி படர்ந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதே வரிசைகளில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்த பிறகுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் மனைவியின் தாய்வழிக் குடும்பம் என்ஃபீல்டு ஊர்க்காரர்கள். அந்த ஊர் இப்போது கிடையாது. பாஸ்டனுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக, அங்கிருந்து சுமார் 65 மைல் மேற்கே ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1927இல் சட்டம் போட்டார்கள். டேனா, என்ஃபீல்டு, கிரீனிச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களும் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி கலைக்கப்பட்டன. சுமார் 2,500 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். 1939 ஆகஸ்டில் தண்ணீர் தேங்க ஆரம்பித்து, 1946இல் அணை நிரம்பியது. அதுதான் குவாபின் நீர்த்தேக்கம். அதற்கு முன்பே 34 கல்லறைத் தோட்டங்களிலிருந்து 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறு இடங்களில் மறுபடி அடக்கம் செய்திருந்தார்கள். நாம் தேடுவது அவற்றில் ஒன்றிரண்டைத்தான்.

பெயரின் எழுத்துக்கூட்டல் மாறும், இணையத்தில் இருப்பதெல்லாம் சரியாக இருக்காது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்று நம்புவது

இல்லை. படகு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

மேட்டு நிலத்தில் கல்லறை அப்படியே இருக்கும் என்று நினைப்பது

டேனா ஊரின் நடுப்பகுதி இன்றும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. நடந்தே போய்ப் பார்க்கலாம். வீடுகளின் நிலவறைக் குழிகள், கல் சுவர்கள், ஒரு நினைவுக்கல், அவ்வளவுதான் மிச்சம். தண்ணீர் சேரும் நிலம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, மூழ்காத மேட்டிலிருந்த ஊர்களையும் காலி செய்தார்கள், அங்கிருந்த கல்லறைகளையும் எடுத்தார்கள். ஆகவே மேப்பில் நீல நிறத்துக்கு வெளியே இருக்கிறதே என்று காட்டுக்குள் அலைவதில் பயன் இல்லை.

இறந்த ஊரின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது

கிரீனிச் 1754இல் உருவான ஊர். டேனாவை 1801இல் பீட்டர்ஷாம், ஹார்ட்விக், கிரீனிச் ஊர்களிலிருந்து வெட்டி எடுத்தார்கள். என்ஃபீல்டு 1816இலும் பிரெஸ்காட் 1822இலும் இதே மாதிரி பிரிந்து வந்தவை. 1805இல் ஒருவர் "கிரீனிச்சில் இறந்தார்" என்று பதிவு சொன்னால், அவரைப் புதைத்த நிலம் பின்னால் என்ஃபீல்டுக்குள் போயிருக்கலாம். அப்படியானால் கல்லறையை எடுத்தபோது எழுதிய குறிப்பு என்ஃபீல்டு தோட்டத்தின் பெயரில்தான் இருக்கும். பிரெஸ்காட்டுக்காரர்களை பெல்ஹாம், நியூ சேலம் பதிவுகளிலும் தேட வேண்டும். ஊர் எந்த வருடம் எதிலிருந்து பிரிந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அரை மணி நேர வேலைதான்.

எல்லோரும் குவாபின் பார்க்கில்தான் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவது

என் இரண்டு வருடத்தை விழுங்கிய தவறு இது. இன்னொருவர் இதையே செய்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

எடுத்த கல்லறைகளில் 6,500க்கும் மேற்பட்டவைதான் குவாபின் பார்க்குக்குப் போயின. மற்ற ஆயிரத்துச் சொச்சம் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. காரணம் எளிமையானது. குடும்பத்தில் யாராவது உயிரோடு இருந்து, "எங்கள் ஆட்களை நாங்கள் இருக்கும் ஊரிலேயே வைத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், அங்கே கொண்டுபோகலாம். அதாவது கல்லறை எங்கே போனது என்பதைத் தீர்மானித்தவர் 1930களில் உயிரோடிருந்த ஒரு மகனோ மகளோ பேத்தியோதான். நாம் என்ன செய்கிறோம்? இறந்தவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய அப்பா, தாத்தா என்று மேலேயே ஏறிக்கொண்டு போகிறோம். கீழே இறங்கிப் பார்ப்பதே இல்லை.

என் மனைவியின் எள்ளுத்தாத்தா 1908இல் இறந்தார், எள்ளுப்பாட்டி 1911இல். இருவரும் என்ஃபீல்டில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். குவாபின் பார்க்கில் ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். கல் இல்லை. விழுந்து புதைந்திருக்கும் என்று நினைத்து, இலைகள் உதிர்ந்த பிறகு ஒரு முறையும் பனி உருகிய பிறகு ஒரு முறையும் போய்ப் பார்த்தேன். கடைசியில் எலும்பே கிடைக்காமல் விட்டுவிட்டார்கள் போல என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, குடும்ப மரத்தில் அப்படியே எழுதியும் வைத்தேன். அதைப் பார்த்து மனைவியின் உறவினர்கள் இரண்டு பேர் தங்கள் மரத்திலும் பதிந்துகொண்டார்கள். அந்தப் பிழையை இன்றுவரை முழுதாக அழிக்க முடியவில்லை.

விடை எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. அந்தத் தம்பதியின் கடைசி மகள் கல்யாணமே செய்துகொள்ளாமல் நார்தாம்ப்டனில் துணி தைத்துப் பிழைத்தவர். அவருடைய சின்ன டைரிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. 1934 அக்டோபரில் ஒரு நாள், பென்சிலில் ஒரே வரி: "இன்று அப்பாவையும் அம்மாவையும் கொண்டுவந்தார்கள். நல்ல குளிர்." அதற்கு மேலே வாங்கிய நூலின் விலை, கீழே ஒரு கோட்டுக்கு வந்த கூலி. நான் அந்த வரியைப் படித்திருக்கிறேன். யாரோ விருந்தாட வந்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு சாயங்காலம் மனைவி அதே பக்கத்தைப் பார்த்துவிட்டு, "1934இல் இவருக்கு அப்பா அம்மா ஏது?" என்று கேட்டாள். மறுநாள் நார்தாம்ப்டன் போனோம். தையல்காரம்மாவின் சிறிய கல்லுக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் செய்கிற முறை இது. முதலில் 1930ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, இறந்தவரின் வாரிசுகளில் யார் யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்று பார்க்கிறேன். 1940ஆம் வருடக் கணக்கும் திறந்துதான் இருக்கிறது, அதையும் பார்க்கிறேன். அப்புறம் அவர்கள் இறந்தபோது செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு. எந்தத் தோட்டத்தில் அடக்கம் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். அந்தத் தோட்டத்தின் பதிவேட்டில், அடக்கம் செய்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் இருபது முப்பது வருட இடைவெளி இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால், இடம் மாறி வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதில் பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். மகள் வாக்கப்பட்டுப் போன குடும்பத்தின் நிலத்தில், பெரிய கல்லில் மருமகனின் குடும்பப் பெயர் இருக்கும். ஒரு ஓரத்தில் மாமனாரும் மாமியாரும் சின்னக் கல்லோடு படுத்திருப்பார்கள். குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள். ஒஹாயோ தம்பதியிடம், "1930இல் இந்தக் குடும்பத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தகவல் வந்தது: நான்கு பேரில் மூன்று பேர், ஒரு மகளின் புகுந்த வீட்டார் நிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில்.

கல்லைச் சுரண்டுவது

சாக்பீஸ், ஷேவிங் க்ரீம், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் போட்டோ எடுங்கள், எழுத்து தெரியும்.

பழைய புகைப்படங்களைப் பார்க்காமல் கிளம்புவது

கல்லறைகளை எடுப்பதற்கு முன், இருந்த இடத்திலேயே அவற்றைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். கல்லில் இருந்த பெயர், தோட்டத்தின் பெயர், மனை எண் எல்லாம் குறித்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இவற்றை இப்போது டிஜிட்டல் காமன்வெல்த் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இன்று தேய்ந்துபோன எழுத்து அந்தப் படத்தில் பளிச்சென்று இருக்கலாம். யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் மனை எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். புது இடத்தில் இருக்கும் அண்டை அயலை வைத்து உறவு கணக்குப் போடாதீர்கள்.

"கன்சார்ட்", "ரெலிக்ட்" இரண்டையும் ஒன்றாக நினைப்பது

பழைய கல்லறைக் கற்களில் வரும் சொற்கள் இவை. கன்சார்ட் என்றால் கணவன் உயிரோடிருக்கும்போதே இறந்த மனைவி. ரெலிக்ட் என்றால் கணவனுக்குப் பின் இறந்தவள். கணவன் இறந்த வருடம் கிடைக்காதபோது இந்த ஒரு சொல் முப்பது வருடத் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஒரே ஒரு இடத்தை எழுதிவைப்பது

இணையத்தில் பாதிப் பேர், "1843, வேர் ஊரில் அடக்கம்" என்று பதிந்திருக்கிறார்கள். 1843இல் குவாபின் பார்க் தோட்டமே இல்லை. இதைப் படித்த அடுத்தவர் அந்தக் குடும்பம் வேரில் வாழ்ந்தது என்று நினைத்து, அந்த ஊரின் நிலப் பத்திரங்களைப் புரட்டப் போவார். முதல் அடக்கத்தையும் இரண்டாவது அடக்கத்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். எங்கள் குடும்பப் புத்தகத்தில் எள்ளுப்பாட்டியின் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது:

என்ஃபீல்டு, உட்லான் தோட்டம், 1911.
நார்தாம்ப்டன், 1934 அக்டோபர். கொண்டுவந்தவர்: கடைசி மகள்.