நாணல் திட்டை ஓரத்திலிருந்து பிடியுங்கள்

ஈரநிலத்தில் நாணலைக் கட்டுப்படுத்தக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எதைக் கொண்டு வெட்டலாம் என்பதுதான். நான் அதற்குக் கடைசியில்தான் பதில் சொல்வேன். சில இடங்களில் ஐந்து மீட்டர் உயரம் வரை நிற்கும் தட்டைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்தச் செடியின் உயிர் சேற்றுக்குள் இருக்கும் வேர்த்தண்டில் இருக்கிறது. மேலே வெட்டுவதை அது பொருட்படுத்துவதே இல்லை. வசந்தத்தில் வெட்டினால் முன்னைவிட நெருக்கமாகக் குருத்து விடுகிறது.

முதல் வேலை, ஆளை அடையாளம் காண்பது. இங்கே நான் நாணல் என்று சொல்வது பிராக்மிட்டீஸ் ஆஸ்திராலிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்டது, உலகின் பல பகுதிகளுக்குச் சொந்தச் செடி. ஐரோப்பாவின் சில ஏரிகளில் அது குறைந்து வருகிறதே என்றுகூடக் கவலைப்படுகிறார்கள். வட அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 2002இல் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் பழைய உலர்தாவர மாதிரிகளின் மரபணுவையும் இன்றைய செடிகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வகை அங்கே பரவி, உள்ளூர் வகையைப் பல இடங்களில் இடம்பெயர்த்துவிட்டதைக் காட்டினார். எனவே அங்கே அரிவாளைத் தூக்குமுன் நிற்பது எந்த நாணல் என்று பார்த்தே ஆக வேண்டும். உள்ளூர் நாணலை வெட்டிச் சாய்ப்பது, காப்பாற்ற வந்ததையே அழிப்பதாகும்.

ஒரு தட்டையைப் பிடித்து, கீழ்க்கணுவில் இலையுறையை உரித்துப் பாருங்கள். வந்தேறி வகையில் உறை இறுக ஒட்டியிருக்கும், பனிக்காலத்தில் காய்ந்த பிறகும் உதிராது. உள்ளே தண்டு மங்கலான வைக்கோல் நிறம், நகத்தை குறுக்கே ஓட்டினால் நெருக்கமான வரிகள் தட்டுப்படும். உள்ளூர் வகையில் உறை எளிதில் கழன்று வரும். தண்டு வழவழப்பாக, வெயில் பட்ட இடத்தில் செம்பழுப்பாக மின்னும். சில நேரம் கரும்புள்ளிகளும் இருக்கும். இன்னும் சந்தேகமா? இலை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் இருக்கும் இலைநாக்கை உருப்பெருக்கியில் பாருங்கள். வந்தேறியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, உள்ளூர் வகையில் அதற்கு மேல். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. கதிர்கள் விரிந்து தூரத்திலிருந்தே தெரியும் கோடையின் பிற்பகுதி இதற்கு நல்ல காலம். திட்டின் நடுவே நுழைந்து அல்லாடுவதில் பயனில்லை, விளிம்பைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ்ஸில் எல்லையைப் பதியுங்கள். விளிம்பில்தான் செய்தி இருக்கிறது: சேற்றின் மேல் கயிறு போல நீண்டு, கணுவுக்குக் கணு வேர்விடும் ஓடுதண்டுகள் எந்தத் திசையில் போகின்றன என்பதே அடுத்த ஆண்டின் வரைபடம். ஒரு கழியை நிரந்தரமாக நட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே திசையில் படம் எடுங்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் உயிருள்ள தட்டைகளையும் காய்ந்தவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். தண்ணீரின் ஆழத்தையும் எழுதுங்கள், பலர் விட்டுவிடும் எண் அது. நாணல் விதைகள் ஆழமான நீருக்குள் முளைப்பதில்லை, நீர் வடிந்து வெளிப்படும் ஈரச்சேறுதான் அவற்றுக்கு நாற்றங்கால். நீர்மட்டம் இறங்கும் ஆண்டில் கண்காணிப்பை இரட்டிப்பாக்குங்கள்.

கையாள்வதில் என் வரிசை பிடிவாதமானது: பெரிய காட்டை விட்டுவிட்டு, அதிலிருந்து தள்ளித் தனியே நிற்கும் சிறு திட்டுகளை முதலில் முடிக்க வேண்டும். பணம் கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது, பெரிய திட்டைச் சாய்த்தால்தான் படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் சிறு திட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே விரிந்து ஒன்றோடொன்று சேரும்போது, பரப்பு கைமீறிப் போகிறது.

தண்ணீர் தேங்கி நிற்கும் இடமானால் வெட்டி மூழ்கடிப்பது நல்ல வழி. வேர்த்தண்டுக்குக் காற்று போவது தட்டைகளின் வழியாகத்தான், காய்ந்து நிற்கும் பழைய தட்டைகளும் குழாயாக உதவுகின்றன. எனவே பச்சை, காய்ந்தது எல்லாவற்றையும் அடியோடு ஒட்டி, நீருக்குள்ளே வெட்ட வேண்டும். வெட்டுவாய்க்கு மேல் வளர்பருவம் முழுவதும் நீர் நிற்க வேண்டும், அது வடிந்துவிடும் என்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். செடி சேமிப்பைச் செலவழித்து வளர்ந்து, வேருக்கு அனுப்பத் தொடங்காத கோடை நடுப்பகுதியே இதற்குப் பொருத்தம். பறவைகள் கூட்டை விட்டுப் போய்விட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியதை நீரில் மிதக்க விடாதீர்கள், கணுக்கள் வேர்விடும்.

காய்ந்த நிலத்துச் சிறு திட்டு என்றால், மண்வெட்டியைச் சாய்த்து ஊன்றி ஒவ்வொரு தண்டையும் தரைக்குக் கீழே அறுத்தெடுக்கலாம். பெரும் பரப்பில் கிளைபோசேட், இமாசபைர் போன்ற களைக்கொல்லிகளைத் தவிர்ப்பது கடினம். கோடை இறுதியிலிருந்து இலையுதிர் காலம் வரை செடி உணவை வேருக்கு இறக்கும்போது தெளித்தால் மருந்தும் சேர்ந்து இறங்கும். நீர்நிலைக்கென அனுமதிக்கப்பட்ட தயாரிப்பு, உரிமம் பெற்ற ஆள், உள்ளூர் அனுமதி மூன்றும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. தெளித்த உடனே வெட்டவும் கூடாது, மருந்து இறங்கச் சில வாரங்கள் விடுங்கள். தீ வைப்பது பட்டுப்போன தட்டைகளை அகற்றத்தான் உதவும். வேர்த்தண்டை அது தொடுவதில்லை.

தண்டைக் குடையும் அந்துப்பூச்சிப் புழுக்களை கனடாவில் 2019 முதல் விட்டுவருகிறார்கள். நம்பிக்கை தரும் வழிதான், ஆனால் இந்த ஆண்டின் வேலையை அதை நம்பித் தள்ளிப்போட முடியாது.

அடுத்த கோடையில் திரும்பி வந்தால் திட்டின் ஓரத்தில் சில குருத்துகள் கட்டாயம் இருக்கும். அவற்றை அன்றே முடியுங்கள், அதற்கடுத்த ஆண்டும் வாருங்கள். சுற்று வயல்களின் உரம் கலந்த வடிநீர் அந்த இடத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள், வருமானால் நாணலுக்கு நாமே தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம். கிளம்புமுன் காலணியின் அடிப்பள்ளங்களையும், படகின் அடியையும், வெட்டும் கருவியின் தகட்டு இடுக்கையும் அங்கேயே சுரண்டிக் கழுவுங்கள். கதிர்களை வெட்டியிருந்தால் பையில் போட்டு வாய் கட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.