முதற்பிள்ளைக்குத் தள்ளுவண்டில்: ஒழுங்கையைப் பார்த்து வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் முதற்பிள்ளைக்குத் தள்ளுவண்டில் வாங்கப் போகிறவர்கள் அனேகமாக நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிறகு போத்தல் வைக்கும் பை, பொம்மை தொங்கும் வளையம். கடையின் வழுவழுப்பான தரையில் எல்லா வண்டிலும் நன்றாகத்தான் ஓடும். படலைக்கு வெளியே கிரவலில் இறங்கியதும்தான் அதன் குணம் தெரியும். ஆகவே இந்தச் செய்முறையில் கடைக்குப் போவது ஐந்தாம் படியில்தான் வருகிறது.

படி 1: அவசரப்படாதீர்கள்

பிள்ளை பிறக்குமுன் சாமான் வாங்கி வைக்கக் கூடாது என்பார்கள் அம்மம்மாமார். இந்த விடயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்பதால் நட்டமில்லை. 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை தாயும் பிள்ளையும் பெரும்பாலும் வீட்டோடுதான் இருப்பார்கள். குடும்பநல உத்தியோகத்தரும் வீடு தேடி வருவார். அதற்குப் பிறகு வண்டிலைத் தள்ளப்போவது யார், எங்கே, எந்த நேரத்தில் என்று பேசி முடிவெடுங்கள். மாலையில் அப்பப்பா ஒழுங்கை முனைவரை கொண்டுபோய் வருவதற்கும், பஸ்ஸில் நகருக்குப் போய் வருவதற்கும் ஒரே வண்டில் பொருந்தாது.

படி 2: வழியை அளந்து பாருங்கள்

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு படலையின் அகலம், விறாந்தைப் படியின் உயரம், வழக்கமாக வருகிற ஓட்டோவின் பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குச்சொழுங்கையில் குடியிருப்பவர்கள், எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் வண்டிலோடு எங்கே ஒதுங்குவது என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணும் இடத்துக்கு இடம் வேறு. வலிகாமத்துச் செம்மண் மாரியில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்; துணியில் பட்டால் கறை இலேசில் போகாது. கழற்றித் துவைக்கக்கூடிய உறை அங்கே கட்டாயம். வடமராட்சி கிழக்கின் மணலில் சிறிய சக்கரம் புதைந்து நின்றுவிடும். கடற்கரையை அண்டியவர்கள் அலுமினியச் சட்டகமாகப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஆணிகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

படி 3: பிள்ளையின் கழுத்தைக் கவனியுங்கள்

பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. நிமிர்ந்த இருக்கையில் உறங்கினால் தலை முன்னே சரிந்து, நாடி நெஞ்சில் முட்டி, மூச்சுத் தடைப்படலாம். அதனால் முதல் ஆறு மாதங்களுக்கு முழுக்கத் தட்டையாக விரியும் இருக்கை, அல்லது தொட்டில் பொருத்திய வண்டில்தான் வேண்டும். குடைபோல் மடங்கும் மெலிந்த வண்டில் பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு உதவும். பஸ்ஸில் ஏறுவதற்கு அதைப்போல் வசதியானது வேறில்லை. அந்த வகையை 1965இல் உருவாக்கிய ஓவன் மக்லாரன், முன்பு ஸ்பிட்பயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியியலாளர். மடக்குகிற வித்தை அவருக்குக் கைவந்ததில் வியப்பில்லை.

படி 4: சக்கரத்தைத் தீர்மானியுங்கள்

பணத்தை எங்கேயாவது கூடச் செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள். கைப்பிடிக்குள் அடங்குகிற சிறிய பிளாஸ்டிக் சக்கரம் தார் வீதிக்கும் சீமெந்துத் தரைக்கும் மட்டுமே. கிரவலில் ஒரு கல் தடுக்கினால் முன்சக்கரம் குறுக்கே திரும்பி, வண்டில் சட்டென்று நின்றுவிடும். பிள்ளை முன்னே உந்தப்படும். முன்சக்கரம் சுழல்வது கடைக்குள் வசதி. ஒழுங்கைக்கு அதை நேராகப் பூட்டிவைக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

காற்றடிக்கும் ரயர் கிரவலில் மிக மென்மையாக ஓடும். ஆனால் நெருஞ்சி முள்ளுக்கு அது தப்பாது. பஞ்சர் ஒட்ட நம்மூரில் சைக்கிள் கடைக்குப் பஞ்சமில்லை. பல வண்டில்களின் 12 அங்குல ரியூப், சிறுவர் சைக்கிளுக்கும் பொருந்துகிற அளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரும்பாலான வண்டில்களில் மோட்டார் சைக்கிள் வகை வால்வு இருக்கும். வீட்டுச் சைக்கிள் பம் அதற்குப் பொருந்தாமல் போகலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளே நுரை நிரப்பிய பெரிய சக்கரம் நல்ல தெரிவு. நான் அதைத்தான் சொல்வேன்.

படி 5: கடையில் செய்ய வேண்டியவை

5 கிலோ அரிசிப் பையொன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அதை இருக்கையில் வைத்து ஒரு கையால் தள்ளித் திருப்புங்கள். வாசற்படியில் ஏற்றி இறக்குங்கள். பிறேக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள். இரண்டு சக்கரமும் அசையாமல் நிற்க வேண்டும். யாழ்ப்பாணம் மேடுபள்ளமில்லாத தரைதானே, பிறேக் எதற்கு என்று நினைக்க வேண்டாம். மூடியை விரித்த வண்டிலைச் சோளகக் காற்று பாய்க்கப்பல் மாதிரித் தள்ளிக்கொண்டு போகும்.

பட்டி இரு தோள், இரு இடுப்பு, கவட்டு என ஐந்து இடத்தில் பிடிக்க வேண்டும். பிறகு மடக்கிப் பாருங்கள். கடைக்காரர் மடக்கிக் காட்டியது கணக்கில் வராது, நீங்களே செய்ய வேண்டும். கையில் தூக்கி நாலடி நடந்தால் அதன் நிறையும் தெரிந்துவிடும். கடைசியாகக் கைப்பிடியில் ஒரு கனமான பையைத் தொங்கவிடுங்கள். வண்டில் பின்னே சாய்கிறதென்றால், சந்தைப் பையை அதில் மாட்டும் பழக்கத்துக்கு இடமில்லை.

படி 6: வெயில்

மூடி ஆழமாக இறங்கி, பக்கங்களில் காற்றுப் போகும் வலையோடு இருக்க வேண்டும். வெயில் படாமலிருக்க வண்டிலின்மேல் துவாய் அல்லது சேலைத்தலைப்பைப் போர்த்துவது ஆபத்து. மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு விரைவாக ஏறும். பிள்ளையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. சித்திரை, வைகாசி மதியங்களில் வெளியே கொண்டுபோகவே வேண்டாம். மழைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையையும் மழை விட்டதும் கழற்றிவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வண்டில் வீட்டில் இருக்கட்டும். அந்த மணலிலும் சனத்திலும் தோள்தான் பிள்ளைக்கு இடம்.

படி 7: கனடாப் பெட்டியில் வந்தால்

லண்டன் மாமியோ கனடாச் சித்தியோ பாவித்த வண்டிலை அனுப்பினால், நன்றி சொல்லிவிட்டுச் சோதியுங்கள். ஐரோப்பிய வண்டிலில் இஎன் 1888 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கீல்களில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. மடங்கும் கீலில் சிறுவர்களின் விரல்நுனிகள் துண்டானதால், 2009இல் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டில்களுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டிவந்தது. அதற்கு முந்தியவை உறவினர் வீட்டுக் கராஜ்களில் இன்னும் கிடக்கலாம். கார் இருக்கையோடு சேர்ந்த மூன்று பாவனை வண்டில் வந்தாலும் அந்த இருக்கை காருக்குத்தான். ஓட்டோவில் அதைக் கட்டிவைக்க வழியில்லை. பட்டி நைந்திருந்தாலோ, பூட்டு ஒருதரம் பிடித்து ஒருதரம் விட்டாலோ, அந்த வண்டிலில் தேங்காய் ஏற்றுங்கள், பிள்ளையை ஏற்றாதீர்கள்.