'லை', 'லே' தடுமாற்றத்தைத் தமிழ் இலக்கணத்தால் தீர்க்கும் முறை

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். ஆயினும் ஆங்கிலத்தின் 'லை' (lie), 'லே' (lay) என்னும் இரு வினைகளின் இறந்தகாலத்தை எழுதும்போது அவர்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோராகிய நாமும் தடுமாறுகிறோம். வாய்பாடாக மனனம் செய்வதைவிட, தமிழ் வகுப்பில் படித்த தன்வினை, பிறவினைப் பாடத்தைத் துணைக்கு அழைப்பது எளிது.

எழுத வேண்டிய வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் தாமே கிடந்தால் அது 'லை'; இறந்தகாலம் 'லே'; 'ஹேவ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் 'லெயின்'. வேறொன்றைக் கிடத்தினால் அது 'லே'. இறந்தகாலம், 'ஹேவ்' பின் வரும் வடிவம் இரண்டுமே 'லெய்ட்'. தாத்தா கட்டிலில் படுத்திருந்தார் என்றால் 'ஹீ லே இன் பெட்'. அம்மா குழந்தையைக் கிடத்தினார் என்றால் 'ஷீ லெய்ட் த பேபி டவுன்'. முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே 'லே' ஆக அமைந்ததுதான் குழப்பத்தின் வேர். பொய் சொல்வதைக் குறிக்கும் 'லை' தனி வினை. அதன் இறந்தகாலம் 'லைட்'. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்து வீட்டில் படுத்திருந்தவர், மேலதிகாரிக்கு 'லைட் இன் பெட்' என்று எழுதினால், படுத்தபடி பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்!

தமிழ் வாக்கியத்தில் 'ஐ' உருபு வந்தால் பிறவினையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 'கோழி முட்டையிட்டது' என்பதில் அவ்வுருபு மறைந்திருப்பதால், எதை இட்டது என்று கேட்டுப் பார்த்தபின் 'லெய்ட்' என்று எழுத வேண்டும்.

இதே சோதனை வேறு இணைகளுக்கும் உதவும். சூரியன் எழுந்தது 'ரோஸ்'. பள்ளியில் கொடியை ஏற்றினோம் 'ரெய்ஸ்ட்'. பலத்த காற்றில் சாலையோர மரம் விழுந்தது 'ஃபெல்'. ஊழியர்கள் மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள் 'ஃபெல்ட்'.

'ஹேங்' என்னும் வினை இதற்கு அடங்காது. அடுக்குமாடி வீட்டின் மூங்கில் கழியில் துணி தானே தொங்கினாலும், நாம் அதைத் தொங்கவிட்டாலும் இறந்தகாலம் 'ஹங்'தான். ஆளைத் தூக்கிலிடுவதற்கு மட்டும் 'ஹேங்ட்' என்று எழுதுவதே ஏற்ற வழக்கு.