சுழியில் சறுக்கினேன்: குதிரை உருவப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்தில் படம் வரைகிற பலருக்கும் முதல் குதிரை முனியப்பன் கோயில் குதிரைதான். விழி பிதுங்கி, பல் தெரிய, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிற்கும் அந்தச் சுதைக் குதிரையைப் பார்த்துத்தான் என் கையும் பழகியது. கிருஷ்ணகிரியில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். பிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்ற பிறகு, குதிரை வளர்ப்பவர்களுக்கு உருவப்படம் வரையத் தொடங்கினேன். முதல் நான்கைந்து படங்களில் எல்லாக் குதிரைகளும் சாமியைச் சுமந்து வேட்டைக்குப் புறப்படுவதுபோல் முறைத்தன. வளர்த்தவர் அறிந்த குதிரையோ தீவனத் தொட்டியருகே கீழுதடு தொங்க அரைத்தூக்கத்தில் நிற்பது. அதைப் பார்க்காமல் மனத்தில் இருக்கும் குதிரையை வரைவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதன் பிள்ளைகள்.

சுழி, அதாவது குதிரையின் உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடம்; அந்த விஷயத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காவேரிப்பட்டணத்துப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பெரியவர் ஒருவருக்கு அவருடைய பெண் குதிரையை வரைந்துகொடுத்தேன். படத்தை வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். “தம்பி, குதிரை அழகாக இருக்கிறது. ஆனால் இது என் ராணி இல்லையே” என்றார். நெற்றிச் சுழியை இரு கண்களுக்கும் நடுவில் போட்டிருந்தேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்ற நினைப்பு. ராணிக்கு அது ஒரு விரற்கடை மேலே, இடப்பக்கம் ஒதுங்கி இருந்ததாம். சுழி பார்த்துக் குதிரை வாங்குகிறவர்கள் நாம். அதை இடம் மாற்றுவது ஜாதகத்தைத் திருத்துவதற்குச் சமம். சுழி பலனில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வெளிநாடுகளில் குதிரையின் அடையாளச் சீட்டிலும் சுழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கிறார்கள். வரைபவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மயிரின் போக்கு அந்தப் புள்ளியிலிருந்துதான் பிரிகிறது. புள்ளி தவறினால் நெற்றி முழுவதும் தூரிகை தவறான பக்கம் ஓடும்.

பஞ்சகல்யாணியிலும் இதே வம்புதான். நான்கு கால்களும் முகமும் வெள்ளை என்றால், எந்தக் காலில் வெள்ளை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே அளவில் வெட்டிவிட்டால் குதிரை காலுறை மாட்டியதுபோல் ஆகிவிடும்.

கைபேசிப் படத்தை அப்படியே நகலெடுப்பது அடுத்த தவறு. ஆசையாக மூக்கருகே நின்று எடுத்துக்கொண்டு வருவார்கள்; முகம் பானை அளவும் பின்புறம் சொம்பு அளவும் இருக்கும். பதினைந்து அடி தள்ளி நின்று, குதிரையின் தோள் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். வரைந்த பின் ஒரு நூலால் தலையின் நீளத்தை அளந்துபாருங்கள். மார்பிலிருந்து பின்தொடை வரை ஏறக்குறைய இரண்டரைத் தலை வரும். தரையிலிருந்து கழுத்தும் முதுகும் சேரும் மேடு வரையும் கிட்டத்தட்ட அவ்வளவே. இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். மூன்றரை வந்தால் தவறு உங்களுடையது.

கால்களில்தான் கெட்டிக்காரர்களும் விழுகிறார்கள். பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டை முழங்கால் என்று எண்ணி வரைகிறோம். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் என்று சொல்வது நம் மணிக்கட்டுக்கு நிகரானது. குதிரை நடப்பதே ஒரே ஒரு விரலின் நுனியில். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் எங்கே தசை, எங்கே வெறும் நரம்பும் எலும்பும் என்று கை தானே அறியும். ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் பதினெட்டு மாதங்கள் இறந்த குதிரைகளை அறுத்துப் பார்த்து வரைந்து பழகினார். அந்த நாற்றம் நமக்கு வேண்டாம். லாடம் கட்டும் இடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். அங்கே இன்னொன்றும் தெரியும்: ஓய்வாக நிற்கும் குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் ஊன்றியிருக்கும். அந்தப் பக்கத்து இடுப்பு இறங்கும். இடுப்பைச் சமமாக வரைந்தால் மரக்குதிரைதான்.

ஓடும் குதிரை கேட்டால், முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்க விடாதீர்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாக கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் அந்தக் கற்பனையை முடித்துவைத்தன. நாலுகால் பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் அப்போது கால்கள் வயிற்றின் கீழே குவிந்திருக்கும். பர்கூர்ப் பக்கத்து மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் இரண்டு குதிரைவீரர்கள் மோதும் பழைய ஓவியம் இருக்கிறது. அதை வரைந்தவரை இந்தக் கணக்கெல்லாம் கட்டுப்படுத்தாது. படத்துக்குப் பணம் கொடுத்து, தன் குதிரையைத் தேடுகிறவரிடம் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருப்புக் குதிரைக்கு டியூபில் இருக்கும் கருப்பை அப்படியே அப்பினால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அடர்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து பாருங்கள். முதுகின் பளபளப்பில் வானம் தெரிய வேண்டும். பழுப்புக் குதிரைகளில் பிடரியும் வாலும் முழங்காலுக்குக் கீழும் கருப்பாக இருப்பவை உண்டு, உடல் நிறத்திலேயே இருப்பவையும் உண்டு. இரண்டும் வேறு வேறு. வெள்ளை என்று நாம் சொல்லும் குதிரைகளில் பெரும்பாலானவை கருப்பு, பழுப்பு போன்ற அடர்நிறத்தில் பிறந்து ஆண்டுக்கு ஆண்டு வெளுப்பவை. மயிர் வெளுத்தாலும் தோல் கருப்புதான். மூக்கையும் கண்ணோரத்தையும் இளஞ்சிவப்பாக்கிவிடாதீர்கள். கண்மணியும் நம்முடையதுபோல் வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது.

முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடாதீர்கள். பென்சில் வரைவை வண்ணத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள், அதுவும் உரிமையாளரிடம் மட்டுமல்ல, தினமும் உடம்பு தேய்த்துவிடும் ஆளிடமும்.

இறந்துபோன குதிரையின் படம் ஒன்று ஓசூரிலிருந்து வந்தது. வலப்பக்கம் மட்டுமே தெரியும் ஒரே புகைப்படம். சுவரில் வாசலைப் பார்த்தபடி மாட்ட வேண்டும், இடப்பக்கமாக வரையுங்கள் என்றார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைந்தேன். இடது தோளில் பழைய காயத்தின் வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டுப் பெண்பிள்ளை படத்தில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் எந்தக் குதிரையைப் பார்க்கப் போனாலும், யாரும் கேட்காவிட்டாலும், இரண்டு பக்கமும் படம் எடுத்து ஒரு பிரதியை வளர்ப்பவரிடமும் கொடுத்துவிட்டு வருகிறேன்.