முதல் போஸ்டிங்குக்கு என்ன எடுத்துப் போவது? பினாங்கு தாதி மாணவி ஒருத்தியின் பாக்கெட் கணக்கு

போஸ்டிங் என்றால் மருத்துவமனை வார்டில் பயிற்சி. அதன் முதல் நாள் நான் சுமந்து போனது பள்ளிக்கூடப் பை. உள்ளே தடித்த பாடப்புத்தகம், ஒரு பெட்டி கையுறை, அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராத புது ஸ்டெதஸ்கோப், அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு கேரியர். வார்டு சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாக் பிண்டா ரூமா கே?" என்றார். மலாயில், வீடு மாறப் போகிறாயா என்று அர்த்தம். மாணவர்களுக்கு அங்கே லாக்கர் கிடையாது. பை பேன்ட்ரி மூலையில் கிடந்தது. ஷிப்ட் முடியும்வரை அதிலிருந்து ஒரு பேனாகூட எடுக்க முடியவில்லை.

இப்போது மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் சில வார்டுகள் பார்த்தாகிவிட்டது. என் விதி ஒன்றுதான்: உடுப்பில் இருக்கும் பாக்கெட்டில் அடங்காதது வார்டுக்குள் வரக்கூடாது. கையுறை, முகக்கவசம் எல்லாம் வார்டிலேயே இருக்கும். பாக்கெட்டில் கசங்கிக் கிடந்த கையுறையைச் சுத்தம் என்று யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

படி 1: தாள்களை முந்தின இரவே எடுத்து வையுங்கள்

மாணவர் அட்டை, போஸ்டிங் கடிதம், லாக் புக் (செய்த பயிற்சிகளைப் பதியும் புத்தகம்), தடுப்பூசி அட்டை. ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை: முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். லாக் புக்கில் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். நாளைக்கு வாங்கலாம் என்று நினைத்தால், நாளைக்கு அந்த ஸ்டாஃப் நர்ஸ் ஆஃப், அதற்கடுத்த நாள் நைட்.

படி 2: முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேண்டாம்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். கயிற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் போய் வந்து பாட்டி என் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றோடு போய் நின்றேன். சி.ஐ. (வார்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்) ஒன்றும் திட்டவில்லை. "கை கழுவும்போது இதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். கயிற்றைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பாட்டியிடம் சாமி பையில் இருக்கிறது என்று சொன்னேன், சரி என்றுவிட்டார்.

படி 3: நெஞ்சில் குத்தும் கடிகாரம்

தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்த்தால் நமக்கு நேராகத் தெரியும். நொடி முள் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் வாங்கிப் பயனில்லை. மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணச் சொல்வார்கள் (பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை). எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் விரலை எடுக்காமல், கடிகாரத்தையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பாருங்கள்.

படி 4: பேனா

அமுக்கும் பால்பாயின்ட் போதும். நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று. நான் போன வார்டுகளில் சார்ட்டில் காய்ச்சல் நீலத்திலும் நாடித்துடிப்பு சிவப்பிலும் வரும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், ஈரக் கை பட்டால் எழுத்து இழுபடும். நான்கு நிறம் ஒன்றாக வரும் தடிப் பேனாவும் எனக்குப் பிடிக்காது; அதை ஒரு டாக்டர் இரவல் வாங்கினால் நான்கும் சேர்ந்து போய்விடும். இரவல் கொடுக்க என்றே மட்டமான பேனா ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். வெள்ளை அழிப்பு மையைக் கொண்டுபோகாதீர்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்து.

பேனாவை நெஞ்சுப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். ஒரு மாமாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நான் குனிந்தேன்; பேனா நேராக, திறந்து வைத்திருந்த டிரஸ்ஸிங் செட்டுக்குள் விழுந்தது. கிருமி நீக்கிய செட் அதோடு போச்சு. இன்னொரு செட் எடுத்து வரும்வரை அந்த மாமா புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, மெதுவா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

படி 5: மடித்த தாள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதல் போஸ்டிங்கில் நான் உள்ளங்கையில் எழுதினேன். ஆறு கட்டிலுக்கு ரத்த அழுத்தம் எடுத்து, எல்லா எண்ணையும் கையில் குறித்துக்கொண்டு சார்ட்டை நோக்கி நடந்தேன். நோயாளியைத் தொட்டதும் கை தேய்க்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. கட்டில் முனையில் இருந்த ஹேண்ட் ரப்பை (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) எடுத்து, பாடத்தில் சொன்னபடி 20, 30 நொடி நன்றாகத் தேய்த்தேன். கை படு சுத்தம். ஆறு பேருடைய ரத்த அழுத்தமும் போயிற்று. திரும்பப் போய், "இன்னொரு தடவை எடுக்கிறேன்" என்று ஆறு பேரிடமும் சொன்னபோது, எட்டாம் கட்டில் பாட்டி தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அதனால் ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடியுங்கள். எட்டுக் கட்டம் வரும். எங்களுக்குப் பெரும்பாலும் ஆறு கட்டில் உள்ள ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். ஆறு கட்டம் அவர்களுக்கு. ஒவ்வொன்றிலும் மேலே கட்டில் எண், கீழே என்ன நோய், அலர்ஜி, வாய்வழி ஒன்றும் கொடுக்கக்கூடாதா, ட்ரிப் உண்டா, சிறுநீர்க் குழாய் உண்டா, எத்தனை மணிக்கு ஒருமுறை அப்சர்வேஷன் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பது). செய்ய வேண்டியதற்கு முன்னால் சின்னச் சதுரம் போடுங்கள். செய்து முடித்ததும் நிரப்புங்கள். அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும் பாஸ் ஓவர் நேரத்தில் சிஸ்டர் கேட்கும்போது நிரம்பாத சதுரம் தானாகக் கண்ணில் படும்.

ஏழாவது கட்டம் நேரத்துக்கு. இரண்டு மணிக்கு டெக்ஸ்ட்ரோ (விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது), நான்கு மணிக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, இப்படி. எட்டாவதில் ட்ரிப் கணக்கு: மில்லிலிட்டரைக் குழாயின் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டுக் குழாய் என்றால் 10,000 வகுத்தல் 480. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 21 சொட்டு. சில குழாய்கள் 15 சொட்டு, சிறு சொட்டுக் குழாய் 60. எண் உறையிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். கட்டிலருகே கைப்பேசியை எடுக்க முடியாது, சின்னக் கால்குலேட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளில் பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும். ஆனால் அந்த எண் நம் நினைவுக்குத்தான். மருந்து கொடுக்கும்போது கைப்பட்டையில் உள்ள பெயரையும் அடையாள எண்ணையும் பார்க்க வேண்டும், மத்தியானத்தில் கட்டில் மாற்றியிருப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் தாளை வார்டிலேயே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

படி 6: ஸ்டெத், டார்ச், கத்தரிக்கோல்

முதல் ஆண்டில் விலையான ஸ்டெத் தேவையில்லை. லிட்மன் என்ற பிராண்ட்மேல் எல்லாருக்கும் ஆசை, எனக்கும் இருந்தது. இரண்டாம் ஆண்டில் வாங்கினேன், அது சரியான நேரம். கறுப்பு வேண்டாம், எல்லாருடையதும் கறுப்பு. ஒன்றும் கேட்கவில்லையென்றால் பழுது என்று நினைக்காதீர்கள். காதில் போகும் முனைகள் மூக்குப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கத் தலை என்றால் அதைத் திருகிப் பார்த்து, விரலால் மெல்லத் தட்டிச் சோதியுங்கள். டார்ச்சில் பக்கவாட்டில் கண்மணி அளவு மில்லிமீட்டரில் அச்சிட்டது நல்லது. கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சத்தைத் தவிர்த்துவிடுங்கள். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், புண்ணின் கட்டுத்துணியை வெட்டும்போது தோலில் குத்தாது. மூன்றிலும் பெயர் எழுதுங்கள்.

படி 7: சொற்கள் எழுதிய அட்டை

இது என் சொந்த யோசனை. பினாங்கு வார்டில் ஒரே அறையில் மூன்று மொழி ஓடும். மலாயில் "சாக்கிட் தாக்?" வலிக்கிறதா என்பதற்கு. "சுடா புவாங் ஆயேர் பெசார்?" மலம் கழித்தாயிற்றா என்பதற்கு மரியாதையான கேள்வி. ஹொக்கியன் பேசும் சீன அம்மாக்களிடம் "சியாக் பா போய்?" என்று சாப்பாட்டை விசாரித்தால் முகம் மலர்ந்துவிடும். நம் பாட்டிகள்தான் கஷ்டம். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். "நேத்தைக்கு விடக் கூடவா, கொறைவா?" என்று கேளுங்கள், உண்மை வரும். அப்புறம், யாராவது "மிஸ்ஸி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள். உங்களைத்தான்.

படி 8: வெளியே விடும் சின்னப் பை

பெயர் எழுதிய தண்ணீர் போத்தல், பிஸ்கட், பெனடால் (வலி மாத்திரை), பேட், கூடுதல் ஹேர்பின், கை கிரீம். காலை 7 மணி ஷிப்ட் என்றால் பசியாறிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஓய்வு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கேன்டீனை நம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை

கோலாலம்பூரில் படிக்கும் ஒரு தங்கை, தன் கல்லூரி உடுப்பில் பாக்கெட்டே இல்லை என்று எழுதியிருந்தார். இடுப்பில் கட்டும் சின்னப் பை வாங்கலாம், துணியில் வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாஸ்டிக் ரகம் பாருங்கள்.

இன்னொருவர் காந்தத்தில் ஒட்டும் கடிகாரம் வாங்கியிருக்கிறார். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்மேல் குனியும்போது காந்தம் ஆகாது. ஊசி குத்தும் ரகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளை உடுப்பில் பேனா மை பட்டால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். துணிக்கு அடியில் டிஷ்யூ வைத்து, ஹேண்ட் ரப்பைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவிவிடும். என் உள்ளங்கைக் கணக்கை அழித்த அதே சாமான்தான், பால்பாயின்ட் மையை நன்றாகவே எடுக்கிறது. ஜெல் மைக்கு முயன்று பார்த்தேன், கறை இன்னும் என் இரண்டாவது உடுப்பில் இருக்கிறது.